உமிக்கரித் தொட்டி

ஊரே கூடி நின்று பார்க்க, உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி வைத்துக்கொண்டு கங்கம்மா கோயில் வாசலில் சத்தியம் செய்தவள் நூகரத்னம். "எங்க கையால எங்க குளத்துல மருந்து போட்டிருந்தா, என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும் தாயே!" என்றாள். கற்பூரம் தானாக அணைகிறவரை கையை உதறவில்லை. கொப்புளம் ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஊர் நம்பியதா என்று கேட்டால், நம்பிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். போன வருடம் அவள் குளத்தில் வளர்த்த இறாலை வாங்க வந்த ஏற்றுமதிக் கம்பெனி, பிடிப்புக்கு முன்னால் சாம்பிள் எடுத்துப் போய்ச் சோதித்தது. இறாலுக்குப் போடவே கூடாது என்று தடை செய்த ஆன்டிபயாடிக் மருந்து அதில் இருந்ததாம். கரையில் வந்து நின்ற ஐஸ் லாரி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்தக் கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம் என்றார்கள். நஷ்டத்தைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். டீக்கடையில் தன்னை 'மருந்துக்காரி' என்று பேசிக்கொண்டதுதான் அவளைத் தின்றது. மருந்துப் பொட்டலத்தைக் கையால் தொட்டதில்லை அவள். தலைவலிக்கு மாத்திரை போடக்கூட யோசிக்கிறவள்.

அவர்கள் ஊரான சினமல்லிபாட்டில் இறால் குளங்களுக்கெல்லாம் ஒரே வடிகால். தண்ணீர் எடுப்பதும் அதில்தான், கழிவைத் திறந்து விடுவதும் அதில்தான். மேல்கரைக்காரன் கழுவி விட்டதைக் கீழ்க்கரைக்காரன் மோட்டார் போட்டு மரியாதையாக உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். நூகரத்னத்தின் குளம் வடிகாலின் கடைசியில். அதற்கு மேலே அப்பலராஜுவின் குளம். அவன் நூகரத்னத்தின் கணவன் சூரிபாபுவுக்குச் சித்தி மகன், தம்பி முறை. அப்பலராஜுவுக்கு ஆன்டிபயாடிக் என்றால் பருப்பில் போடும் பெருங்காயம் மாதிரி. நோய் வந்தால் போடுவான், வராவிட்டால் வராமல் இருக்கப் போடுவான்.

மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சுவர்ச்சலா என்ற பெண் அதிகாரி ஸ்கூட்டரில் வந்தபோது, நூகரத்னம் அவளைக் கரையிலேயே மறித்து நிறுத்திக் கேட்டாள்.

"மருந்து வடிகால்லயே வந்திருக்கலாம்மா," என்றாள் சுவர்ச்சலா.

"லாம்னா என்ன மேடம்? வந்துச்சா, வரலையா, அதைச் சொல்லுங்க. ஊரு கேக்குது."

"போன வருஷத் தண்ணி கடலுக்கே போயிடுச்சு. அதை எங்கன்னு பிடிச்சுச் சோதிக்கிறது? இனிமே வராம இருக்க வேணா வழி சொல்றேன். உள்ள வர்ற தண்ணிய உமிக்கரி வழியா விடுங்க. கரியில கண்ணுக்குத் தெரியாத பொத்தல் கோடி இருக்கு. மருந்து அதுல போய் ஒட்டிக்கும், தண்ணி மட்டும் உள்ள போகும்."

நூகரத்னத்துக்குச் சொன்னால் போதும், கையோடு செய்துவிடுவாள். மறுநாளே ரைஸ் மில் பாய்லரிலிருந்து டிராக்டர் நிறைய எரிந்த உமியை அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாள். சுவர்ச்சலா அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது சாம்பல்மா, கரி இல்ல. வெந்து வெளுத்துப் போச்சு. இதைப் போட்டா தண்ணில காரம் ஏறி, இறால் அன்னிக்கே மல்லாந்துரும்."

அப்புறம் நூகரத்னமே உமி சுட ஆரம்பித்தாள். பழைய டின்னில் சுற்றிலும் ஓட்டை போட்டு, மேலே புகைபோக்கி வைத்து, உள்ளே நெருப்பு மூட்டி, டின்னைச் சுற்றி உமியைக் குவிக்க வேண்டும். உமி உள்ளிருந்து வெளியே கறுத்துக்கொண்டே வரும். கறுப்பு மேலே தெரிந்ததும் தண்ணீர் அடித்து அணைத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் சாம்பல். பக்கத்திலேயே மண்வெட்டியோடு நிற்பதில் முகம், கை, புடவை எல்லாம் கரியாகும்.

"பொன்னாட்டம் பொண்ணுன்னு சொல்லித்தான் எங்கம்மா கட்டி வச்சா," என்பான் சூரிபாபு. "இப்ப நிலக்கரி ரயில்லேர்ந்து இறங்கி வந்தவ மாதிரி நிக்கிறே. பக்கத்துல வராதே, சட்டை வெள்ளை."

அப்பலராஜு அவன் கரையில் நின்றபடியே அண்ணியைப் பார்த்துக் கத்துவான்: "வதினா! இறாலுக்கெல்லாம் பல்லு விளக்கி விடப் போறீங்களாமே?"

"ஆமாடா! அதுங்க விளக்கினது போக மிச்சத்தை உனக்கு அனுப்புறேன். உன் வாய்க்கு ஒரு மூட்டையாவது வேணும்!"

தூம்புக்கு உள்பக்கம் செங்கல் தொட்டி கட்டினாள். தூம்பு வழியாக வரும் வடிகால் தண்ணீர் முதலில் தொட்டியின் முன் அறையில் விழும். அங்கிருந்து கரி வழியாக, பிறகு மணல் வழியாக, சொட்டுச் சொட்டாகத்தான் குளத்துக்குப் போகும். கரி பழசாகும் முன் வாரிக் கொட்டிவிட்டுப் புதுசு போடுவாள். சூரிபாபு அந்தத் தொட்டியை எட்டிப் பார்ப்பதே இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர். அவர் வேலை மோட்டார், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர், வெள்ளிக்கிழமை பூஜை, இந்த மூன்றும்தான்.

வெள்ளிக்கிழமை பூஜை தூம்பில் நடக்கும். மஞ்சள், குங்குமம், வேப்பிலை வைத்துக் கங்கம்மாவைக் கும்பிட்டுத் தண்ணீரில் விடுவார்கள். குளத்துக்குப் போவது எதுவாக இருந்தாலும் முதல் கை அங்கேதான் விழ வேண்டும் என்பது சினமல்லிபாட்டு வழக்கம். குஞ்சு விடும்போது ஒரு குவளைக் குஞ்சு, சுண்ணாம்பு போட்டால் ஒரு பிடி சுண்ணாம்பு, வெல்லமும் தவிடும் புளிக்க வைத்தால் அதில் ஒரு சொம்பு. கங்கம்மா வாங்கிப் பார்த்து உள்ளே அனுப்புவாள் என்று நம்பிக்கை. சூரிபாபுவுக்கு இதில் பக்தி கொஞ்சம் அதிகம்.

இந்த வருடம் இறால் நன்றாகவே எடை ஏறியது. சாம்பிள் எடுக்கக் கம்பெனிப் பையன் வந்தான். வலை வீசி நாலு மூலையிலும் பிடித்து, பையில் போட்டுச் சீல் வைத்து, ஐஸ் பெட்டியில் அடக்கி எடுத்துக்கொண்டு போனான். பைக் கரை தாண்டி மறைகிறவரை சூரிபாபு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று மத்தியானம் கோங்கூராப் பச்சடியும் சுடுசோறும் போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்னங்க, சோத்துல கோலம் போடுறீங்களா?"

"பசிக்கல."

"உங்களுக்கா?"

"ரத்னம், திட்டக் கூடாது."

"திட்டுற விஷயமா இல்லையான்னு கேட்டுட்டுத்தானே சொல்ல முடியும்?"

அவன் எச்சில் கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மருந்து ஊத்திட்டேன்."

அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கைத் தழும்பு எரிகிற மாதிரி இருந்தது.

"தீவனம் தின்னுச்சான்னு செக் டிரேயைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக் கழிசல் நூல் மாதிரி மிதந்துச்சு. மீசையும் சிவந்திருந்துச்சு. பயந்துட்டேன் ரத்னம். பிடிப்புக்கு முன்னாடி மொத்தமும் செத்துப் போச்சுன்னா? தீவனக் கடைக்காரன் பொட்டலம் குடுத்தான். கொஞ்சம் தெம்புக்குன்னான். நீ வேணாம்னுடுவேன்னு சொல்லல. ரெண்டு வெள்ளிக்கிழமை, பூஜையோட பூஜையா மொத்தத்தையும் அங்கேயே கரைச்சு ஊத்திட்டேன்."

"சத்தியம் பண்ணினேனே," என்றாள் அவள். "எங்க கையாலன்னு சொன்னேனே. எங்கன்னா அதுல நீங்களும்தானே."

"அது போன வருஷத்துக்கு…"

"போன வருஷமும் நீங்கதானா?"

"ஐயோ இல்ல ரத்னம்! கங்கம்மா மேல…"

"சாமி பேரை எடுக்காதீங்க! ஒரு வீட்டுக்கு ஒரு சத்தியம் போதும்."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. இறால் போவது ஒரு பக்கம். ஊர் முன்னால், சாமி முன்னால், கண்ணைப் பணயம் வைத்துத் தான் சொன்னது பொய்யோ என்ற சந்தேகம் வந்துவிட்டதே, அதை எங்கே கொண்டு போய் வைப்பது? போன வருடமும் இதே மனுஷன்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் தூம்புக்குப் போனான். போன வருடமும் டிரேயைப் பார்த்துப் பயந்திருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? சுவர்ச்சலாவுக்குப் போன் போட்டு, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"கரியெல்லாம் வீண் மேடம். இவ்வளவு சொல்லிக் குடுத்தீங்க. என் வீட்டு ஆளே மருந்தைக் கொண்டு போய் ஊத்திட்டாரு."

"எங்க ஊத்தினார்? தீவனத்துல கலந்தாரா?"

"இல்ல, தூம்புல. பூஜை பண்ற இடத்துல."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ரத்னம்மா, தூம்புன்னா… உங்க கரிக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலதான். தூம்பு தாண்டித்தானே தொட்டி…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"கரி எப்ப மாத்தினீங்க?"

"அவரு ஊத்தின மாசம்தான். புதுசு."

"எதையும் தொடாதீங்க. தண்ணியைத் திறக்காதீங்க. காலையில வர்றேன்."

காலையில் சுவர்ச்சலா மூன்று பாட்டில் நிரப்பிக்கொண்டாள். வடிகாலில் ஒன்று, தொட்டியின் முன் அறையில் ஒன்று, குளத்தில் ஒன்று. தொட்டித் தண்ணீர் குளத்தில் விழும் இடத்தில் வலை போட்டு இறாலும் எடுத்தாள். சூரிபாபுவிடம் காலிப் பொட்டலத்தை வாங்கிப் பேரைப் பார்த்தாள். போன வருடக் கம்பெனி ரிப்போர்ட்டில் சொன்ன மருந்தின் பேரை நூகரத்னம் ஒப்பித்தாள். அந்தப் பேர் அவளுக்குத் தூக்கத்திலும் மறக்காது.

"அது வேற, இது வேற," என்றாள் சுவர்ச்சலா. "ரெண்டையும் பார்த்துடுறேன்."

அப்புறம் காத்திருப்பு. அந்த நாட்களில் நூகரத்னம் பாத்திரத்தோடு பேசினாள், ஏரேட்டரோடு பேசினாள், வேலியில் உட்கார்ந்த மீன்கொத்தியோடும் பேசினாள். "சோறு ஆறுதுன்னு யாருக்காவது தெரிஞ்சா நல்லாயிருக்கும்," என்று தட்டு மூடியிடம் சொல்வாள். சூரிபாபு வந்து சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போவான். இருபது வருடத்தில் அவன் தட்டுக் கழுவியது அப்போதுதான். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அங்கேயே அமுக்கினாள்.

முதலில் கம்பெனியிலிருந்துதான் போன் வந்தது. சூரிபாபு எடுத்தான். எடுத்தவன் கரை நெடுக ஓடி வந்தான். செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது.

"சுத்தம்! ரத்னம், சுத்தமாம்! ஒண்ணுமே இல்லையாம்! நாளைக்கே லாரி அனுப்பறானாம்!"

அவள் ஏரேட்டர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. அப்புறம் கையை நீட்டிப் போனை வாங்கி, கம்பெனிக்காரனிடம் சொன்னாள்.

"லாரி இப்ப வேணாம் சார். எங்க வீட்டுக்காரரு தூம்புல மருந்து ஊத்திட்டாரு. நீங்க எடுத்தது நாலு மூலை இறால். தண்ணி விழுற இடத்துல மேடம் தனியா எடுத்துப் போயிருக்காங்க. அவங்க சொன்னப்புறம் வாங்க. அதுல இருந்துச்சுன்னா வராதீங்க."

சூரிபாபு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பக்கத்துக் கரையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பலராஜு தலையில் அடித்துக்கொண்டான்.

"வதினா, உங்களுக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு! வந்த லாரியை எவனாவது வேணாம்பானா?"

"போடா! போய் உன் தண்ணியைக் கடலுக்குள்ள விடு, என் வாசல்ல விடாதே!"

சுவர்ச்சலா போனில் சொல்லவில்லை, நேரிலேயே வந்தாள். சாயங்கால வெயில் குளத்தில் மின்னிக்கொண்டிருந்தது. சூரிபாபு தொலைவில், உமிக் குவியல் பக்கம் போய் நின்றுகொண்டான். கிட்டே வரத் தைரியமில்லை. ஸ்கூட்டரை நிறுத்தும் முன்பே சுவர்ச்சலாவின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"இறால்…" என்று ஆரம்பித்தாள்.

"இறால் இருக்கட்டும் மேடம். வடிகால்ல என்ன இருந்துச்சு? அதை முதல்ல சொல்லுங்க."

சுவர்ச்சலா புரிந்துகொண்டாள்.

"போன வருஷம் உங்க இறால்ல இருந்ததே, அதே மருந்து. வடிகால் தண்ணிலயே இருக்கு, நல்லாவே இருக்கு. அங்க இருந்துதான் உங்களுக்கு வந்திருக்கு."

"எங்க வீட்டுக்காரரு ஊத்தினது?"

"அது வேற, வடிகால்ல இல்ல. உங்க தொட்டி முன் அறையில ரெண்டும் இருக்கு. குளத்துல ரெண்டுமே இல்ல, அந்த இடத்து இறால்லயும் இல்ல. மொத்தமும் கரியில நின்னுடுச்சு. கரி புதுசு, தண்ணி மெதுவாப் போச்சு, அதனால தப்பிச்சீங்க. இன்னும் நாலு வெள்ளிக்கிழமை ஊத்தியிருந்தா நான் இப்ப சிரிச்சுக்கிட்டு வந்திருக்க மாட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு தொட்டியில வேணும்னே மருந்தை ஊத்திப் பார்க்கணும்னு நான் எத்தனை பேர்கிட்டக் கேட்டிருக்கேன் தெரியுமா? ஒருத்தன் விடல. உங்க சார் கேக்காமலே செஞ்சு குடுத்திருக்கார். அந்தக் கரியை மட்டும் வடிகால்ல கொட்டிடாதீங்கம்மா. செங்கல் சூளையில சொல்லி வச்சிருக்கேன், நெருப்புல போடணும்."

பிற்பாதி நூகரத்னத்தின் காதில் சரியாக விழவில்லை. அவள் உமிக் குவியலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். சூரிபாபு அவள் முகத்தைப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று தெரியாமல் இரண்டு எட்டுப் பின்னால் போனான். பின்னால் இருந்த கரிக் குவியலில் கால் புதைந்தது.

"வடிகால்ல இருந்திருக்கு," என்றாள்.

அவளாக அவனிடம் பேசியது இத்தனை நாளில் இதுதான் முதல்.

"இறால்ல?"

"இறால்ல ஒண்ணும் இல்ல. வடிகால்ல இருந்திருக்குங்கறேன். போன வருஷம் வந்தது அங்க இருந்துதான். நீங்க ஊத்தல."

"அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க!" என்று கத்தினாள். "நீங்க சொன்னதை நம்புறதுக்கு ஒரு அம்மா படிச்சு, வேலைக்கு வந்து, மூணு பாட்டிலைத் தூக்கிட்டுப் போய் மெஷின்ல விட்டுப் பார்த்துட்டு வர வேண்டியிருக்கு! இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கிட்டேனே!"

திட்டிக்கொண்டே அழுதாள். வெட்ட வெளியில், அப்பலராஜு பார்க்க, சுவர்ச்சலா பார்க்க, அவன் வெள்ளைச் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றும் உமி சுட்டிருந்ததால் கையெல்லாம் கரி. சட்டை போனது போனதுதான். சூரிபாபு குனிந்து அதைப் பார்த்தான். அவள் தலையைத் தடவுவதா வேண்டாமா என்று தெரியாமல், கையைக் காற்றிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெதுவாகத் தலையில் வைத்தான்.

"என் சத்தியம் பொய்யில்லைங்க," என்றாள், அவன் மார்பில் முகத்தை வைத்தபடி. "நான் பொய் சொல்லல."

"நீ எப்படிச் சொல்லுவே?" என்றான் அவன். "பொய் சொல்றதுக்குத்தான் நான் இருக்கேனே."

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்ததில் முகம் முழுக்கக் கரி. அப்புறம் திரும்பி, வடிகாலுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பலராஜுவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு தன் தூம்புப் பலகையை இறக்கி, வடிகாலில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"கம்பெனிக்குப் போன் போடுங்க," என்றாள் நூகரத்னம் கணவனிடம். "லாரி வரட்டும்."